பனங்கட்டி, தேன், சோறு: வெல்லங்கள் எப்படித் தாக்கமுறுகின்றன?

பூநகரிப் பக்கம் பங்குனி, சித்திரை மாதங்களில் பனம்பாளை சீவுகிறவர்கள், சாறு வடியும் மண்முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் இறங்குவது கருப்பநீர், அதாவது புளிக்காத இனிப்புச் சாறு. தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, வடிகிற சாறும் ஒன்றுதான். கொஞ்சம் சுண்ணாம்பு இரண்டையும் வேறுவேறு பொருளாக்கி விடுகிறது. ஏன் என்று கேட்டால் "சுண்ணாம்பு போட்டால் புளிக்காது" என்பார்கள். சரிதான், ஆனால் அது பாதி விடை. மீதிப் பாதியைத் தேடிப் போனால் வெல்லங்களின் சேதன இரசாயனத்தில் பெரும்பங்கு கைக்கு வந்துவிடும்.

இங்கே வெல்லம் என்று பாடநூலில் வருகிற பொருளில்தான் எழுதுகிறேன்: குளுக்கோசு, பிரக்டோசு, சுக்குரோசு, லக்டோசு என்று போகும் குடும்பம் முழுவதும் வெல்லம். சீனி என்றால் கடையில் வாங்கும் வெள்ளைச் சீனி.

உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பகுதி என்றாலே பயம். வளையங்கள், அல்பா, பீற்றா, நீள நீளமான பெயர்கள். அவ்வளவையும் ஒரேயடியாக மனப்பாடம் செய்யப் போனால் பயம் வரத்தான் செய்யும். வெல்லம் ஒன்றைக் கண்டால் அதன் எல்லாக் காபனையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு காபனைப் பாருங்கள். அது கட்டற்று இருக்கிறதா, கட்டுண்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த விடை தெரிந்தால் அந்த வெல்லம் எதோடு தாக்கமுறும், எதோடு தாக்கமுறாது என்பதில் முக்கால்வாசியைச் சொல்லிவிடலாம்.

குளுக்கோசிலிருந்து தொடங்குவோம். அதில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன். ஆறு காபனும் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2ஆவதிலிருந்து 6ஆவது வரை ஒவ்வொரு காபனிலும் ஓர் ஐதரொட்சில் கூட்டம் உண்டு, அதாவது ஓர் ஒட்சிசனும் அதோடு ஓர் ஐதரசனும். அற்ககோலில் இருப்பதும் இதே கூட்டம்தான். நீரோடு நன்றாக ஒட்டும். வெல்லம் தண்ணீரில் கரைவது இதனால்தான். 1ஆவது காபன் மட்டும் வேறு விதம். அதில் ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பால் இணைந்திருக்கிறது. கூடவே ஓர் ஐதரசன். இதுதான் அல்டிகைட்டுக் கூட்டம். இந்தக் காபனை இனித் 'தலை' என்று சொல்கிறேன்.

தலையில் என்ன விசேடம்? ஒட்சிசன் இலத்திரன்களைத் தன் பக்கம் இழுக்கும் அணு. இரட்டைப் பிணைப்பில் அந்த இழுப்பு இன்னும் கூடுதலாகத் தெரியும். ஆகவே தலைக் காபன் இலத்திரன் குறைந்து சற்றே நேரேற்றத்தோடு நிற்கிறது. இலத்திரன் சோடியைக் கொடுக்கக் கூடிய எந்த அணு பக்கத்தில் வந்தாலும் இந்தக் காபனைத்தான் தாக்கும். வெல்லங்களின் தாக்கங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

இனி ஒரு சிக்கல். தலையைத் தாக்க வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அதே சங்கிலியின் 5ஆவது காபனில் இருக்கும் ஐதரொட்சில் கூட்டமே வளைந்து வந்து தலையைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து காபனும் ஓர் ஒட்சிசனும் சேர்ந்து ஆறு அணு வளையம் உருவாகிறது. தலையில் இருந்த இரட்டைப் பிணைப்பு போய், அங்கும் ஓர் ஐதரொட்சில் கூட்டம் வந்துவிடுகிறது. அந்தப் புதிய கூட்டம் வளையத்தின் ஒரு பக்கம் அமைந்தால் அல்பா குளுக்கோசு, மறுபக்கம் அமைந்தால் பீற்றா குளுக்கோசு. நீரில் கரைத்து வைத்த குளுக்கோசில் ஏறக்குறைய 36 வீதம் அல்பா, 64 வீதம் பீற்றா. திறந்த சங்கிலியாக நிற்பது நூற்றில் ஒரு பங்குக்கும் மிக மிகக் குறைவு.

அப்படியென்றால் அல்டிகைட்டுத் தாக்கங்களை அது எப்படிக் காட்டுகிறது என்று கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும். வளையமும் சங்கிலியும் சமநிலையில் இருக்கின்றன. வளையம் ஓயாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. திறந்து நிற்கும் அந்தச் சிறு பங்கு தாக்கமுற்றுத் தீர்ந்தால், மணற்கேணியில் இறைக்க இறைக்க நீர் ஊறுவது போல, வளையங்களிலிருந்து புதிதாகச் சங்கிலிகள் வந்து அந்த இடத்தை நிரப்பும். கடைசியில் முழுக் குளுக்கோசும் தாக்கமுற்று முடிந்துவிடும்.

பிரக்டோசிலும் அதே 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன்தான். ஆனால் இரட்டைப் பிணைப்பு ஒட்சிசன் 1ஆவது காபனில் இல்லை, 2ஆவதில். ஆகவே அது அல்டிகைட்டு அல்ல, கீற்றோன். அதன் தலை இரண்டாவது காபன்.

சீனியின் தலை எங்கே?

கடைச் சீனி, பனங்கட்டி, கருப்பநீர் மூன்றிலும் முதன்மையாக இருக்கும் வெல்லம் சுக்குரோசு. ஒரு குளுக்கோசும் ஒரு பிரக்டோசும் சேர்ந்து, ஒரு நீர் மூலக்கூறு வெளியேறி, நடுவில் ஓர் ஒட்சிசன் பாலமாக நிற்க உருவாவது அது. அந்தப் பாலம் எந்த இரண்டு காபன்களை இணைக்கிறது என்பதுதான் முக்கியம். குளுக்கோசின் 1ஆவது காபனையும் பிரக்டோசின் 2ஆவது காபனையும். இரண்டுமே தலைகள். தலையும் தலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதால் எந்த வளையமும் திறக்க வழியில்லை. சுக்குரோசு நிலையாக இருப்பதும், மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்தாலும் பழுதாகாததும், அழகான பளிங்காக வருவதும் இந்தக் கட்டினால் கிடைத்த அமைதியோடு சேர்ந்தவை.

இதை ஆய்வுகூடத்தில் கண்ணால் பார்க்கலாம். கட்டற்ற தலை இருக்கிறதா என்று சோதிக்க உதவும் பெனடிக்ட் கரைசலில் செப்பு சல்பேற்று, சோடியம் சித்திரேற்று, சோடியம் காபனேற்று மூன்றும் உண்டு. நீல நிறம் செப்பு 2+ அயனுடையது. குளுக்கோசு சேர்த்துச் சுடுநீரில் வைத்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கட்டி நிற வீழ்படிவு வரும். தலை ஒட்சியேறி (இலத்திரன் இழந்து) அமிலமாகிறது, செப்பு 2+ அயன் தாழ்த்தப்பட்டு (இலத்திரன் பெற்று) 1+ நிலையில் ஒட்சைட்டாகப் படிகிறது. சீனிக் கரைசலோடு செய்தால் நீலம் நீலமாகவே இருக்கும். தலை கட்டுண்டிருக்கிறது, கொடுக்க ஒன்றுமில்லை. அதே சீனிக் கரைசலை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்க வைத்து, சோடியம் இருகாபனேற்றால் நடுநிலையாக்கிப் பிறகு சோதித்தால் சிவப்பு வந்துவிடும். பாலம் உடைந்து இரண்டு தலைகளும் வெளியே வந்துவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

பிரக்டோசு அல்டிகைட்டு இல்லையே, அதுவும் எப்படிச் சிவப்புத் தருகிறது? கரைசலில் உள்ள சோடியம் காபனேற்றின் வேலை அது. கார ஊடகத்தில் தலைக்குப் பக்கத்துக் காபனில் உள்ள ஐதரசன் கழன்று வேறிடம் போய்ச் சேரும். 1ஆம், 2ஆம் காபன்களுக்கிடையில் இரட்டைப் பிணைப்பு இடம் மாறும். இந்த வழியில் பிரக்டோசு குளுக்கோசாகவும், மனோசு என்ற இன்னொரு வெல்லமாகவும் மாற முடியும். காரத்தில் கட்டற்ற தலைக்கு நிம்மதி கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனி முட்டிக்குப் போகலாம்.

முட்டிக்குள் நடப்பது

பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பானது, சுக்குரோசு நிறைந்தது. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியிலும் மதுவங்களும் (ஈஸ்ட்) பற்றீரியாக்களும் தயாராக இருக்கின்றன. மதுவம் முதலில் செய்வது ஒட்சிசன் பாலத்தை உடைப்பது. அதற்கென்றே இன்வேற்றேசு என்ற நொதியம், அதாவது தாக்கத்தை வேகப்படுத்தும் புரதம், அதனிடம் உண்டு. கட்டவிழ்ந்த குளுக்கோசையும் பிரக்டோசையும் உள்ளே எடுத்து, படிப்படியாக உடைத்து, எதனோல் ஆகவும் காபனீரொட்சைட்டு ஆகவும் வெளியே விடும். கணக்குப் போட்டால் 180 கிராம் குளுக்கோசு 92 கிராம் எதனோலையும் 88 கிராம் காபனீரொட்சைட்டையும் தரும். கள் நுரைப்பது அந்த வாயுவால். இன்னும் வைத்திருந்தால் வேறு பற்றீரியாக்கள் எதனோலை அசற்றிக் அமிலமாக்கும். வினாகிரி அப்படித்தான் வருகிறது. உயிருள்ள மதுவக் கலம் இல்லாமலே, அதன் சாறே இந்த நொதித்தலைச் செய்யும் என்று 1897இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் எடுவாட் புக்னர் காட்டினார். நொதித்தல் உயிரின் மாயம் அல்ல, நொதியங்கள் நடத்தும் இரசாயனம் என்பது அதோடு உறுதியானது.

சுண்ணாம்பு தடவிய முட்டியில் சாறு கடும் காரமாகிறது. மதுவத்துக்கும் பற்றீரியாவுக்கும் அந்தக் காரத்தில் வளர முடியாது. ஊரவர்கள் சொல்லும் 'புளிக்காது' என்பது இந்தப் பாதி. மறுபாதி, ஒட்சிசன் பாலத்தின் குணம். அமிலம் இருந்தால் ஓர் ஐதரசன் அயன் வந்து பாலத்து ஒட்சிசனில் ஏறிக்கொள்ளும். ஏறியதும் அந்த ஒட்சிசன் ஒரு பக்கத்துக் காபனை விட்டு எளிதாகக் கழன்றுவிடும், காலியான இடத்தில் நீர் வந்து சேரும். நீர்ப்பகுப்பு என்பது இதுதான். காரக் கரைசலில் ஏற்றிவிட அப்படி ஐதரசன் அயன் இல்லை. ஆகவே பாலம் அசையாது. நுண்ணுயிர்களை விரட்டுவதோடு, சுக்குரோசை அமிலத்தால் உடையாமல் காப்பதும் சுண்ணாம்புதான். எந்தப் பாடநூலும் இல்லாமல் நம் முன்னோர் கண்டறிந்த முறை இது. இதற்குரிய மரியாதை நம் வகுப்பறைகளில் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

பாதி புளித்த சாற்றைக் காய்ச்சினால் பனங்கட்டி சரியாகக் கட்டிப்படாது. குழகுழவென்று பாணியாக நிற்கும், நிறமும் கறுக்கும். ஏன் என்பதை இப்போது நீங்களே சொல்லலாம். உடைந்து வந்த குளுக்கோசும் பிரக்டோசும் சுக்குரோசுப் பளிங்கு வளர்வதைக் குழப்புகின்றன. பிரக்டோசு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. கட்டற்ற தலைகள் சுண்ணாம்பின் காரத்தில் சூடேறும்போது சிதைந்து கபில நிறப் பொருள்களாகின்றன. நல்ல பனங்கட்டிக் குட்டான் (சிறு ஓலைப்பெட்டி) ஒன்றைப் பிரித்து உள்ளே இறுகிய கட்டியைக் கண்டால், அதன் பாலங்கள் பெரும்பாலும் உடையாமல் வந்திருக்கின்றன என்று பொருள்.

தேனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்

மாங்குளம், ஒட்டுசுட்டான் காட்டுப் பக்கத்துத் தேன் என்றால் வன்னிக்கு வெளியிலும் ஒரு மதிப்பு. தேனீ செய்வதும் மதுவம் முதலில் செய்த வேலைதான். பூவின் மதுவில் உள்ள சுக்குரோசைத் தன் நொதியத்தால் உடைத்து, சிறகால் விசிறி நீரை வற்ற வைக்கிறது. பொதுவாகத் தேனில் ஏறக்குறைய 38 வீதம் பிரக்டோசு, 31 வீதம் குளுக்கோசு, 17 வீதம் நீர். பிரக்டோசு சீனியைவிட இனிப்பு கூடியது, ஆகவே தேன் நாக்கில் அப்படித் தித்திக்கிறது. தேனில் உள்ள இன்னொரு நொதியம் கொஞ்சம் குளுக்கோசின் தலையை ஒட்சியேற்றிக் குளுக்கோனிக் அமிலமாக்குகிறது. அப்போது ஐதரசன் பேரொட்சைட்டும் உண்டாகிறது. புண்ணுக்குத் தேன் தடவும் பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்களில் அது ஒன்று.

போத்தலின் அடியில் தேன் உறைந்து மணல் மணலாக வந்தால் "சீனிப்பாணி கலந்திட்டாங்கள்" என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அது நியாயம் இல்லை. குளுக்கோசு பிரக்டோசைவிட நீரில் குறைவாகக் கரையும். நல்ல தேனிலேயே அது மிதமிஞ்சி இருப்பதால் காலம் போகப் பளிங்காகப் படியும். இளஞ்சூட்டு நீரில் போத்தலை வைத்தால் மீண்டும் கரையும். தீக்குச்சியைத் தேனில் தோய்த்துப் பற்ற வைப்பதும் தேனில் நீர் கூடியிருக்கிறதா என்பதை மட்டும் ஓரளவு காட்டும், கலப்படத்தைக் காட்டாது.

பெனடிக்ட் சோதனை காட்டுமா? வெறும் சீனிப்பாணி என்றால் நீலமாகவே நிற்கும், மாட்டிக்கொள்ளும். ஆனால் சீனிப்பாணியைத் தேசிக்காய்ச் சாறு விட்டுக் காய்ச்சியிருந்தால், அமிலம் பாலத்தை உடைத்து, தேனில் உள்ள அதே இரண்டு வெல்லங்களையும் கொடுத்துவிடும். அப்போது சிவப்பு வரும், நாம் ஏமாறுவோம். வீட்டிலோ பாடசாலை ஆய்வுகூடத்திலோ செய்யும் எந்தத் தனிச் சோதனையாலும் தேனுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. தேன் எடுக்கிறவரைத் தெரிந்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

பாலில் உள்ள லக்டோசையும் இங்கே சொல்லிவிடலாம். அதில் கலக்டோசின் தலை குளுக்கோசின் 4ஆவது காபனோடு கட்டுண்டிருக்கிறது. குளுக்கோசின் தலை கட்டற்று இருக்கிறது. ஆகவே லக்டோசு பெனடிக்ட் கரைசலைச் சிவப்பாக்கும், சீனி ஆக்காது. இரண்டும் இருசக்கரைட்டுகள்தான், அதாவது இரண்டு வெல்ல அலகுகள் சேர்ந்தவை. எருமைத் தயிர் உறையும்போது பற்றீரியாக்கள் இந்த லக்டோசை உடைத்து லக்டிக் அமிலமாக்குகின்றன, அமிலத்தால் பால் புரதம் திரள்கிறது.

இவ்வளவு அமைப்பும் எப்படித் தெரிந்தது என்று கேட்டால் ஜேர்மன் இரசாயனவியலாளர் எமில் பிஷரிடம் போக வேண்டும். 1875இல் தானே கண்டறிந்த பினைல்ஐதரசின் என்ற பொருளை அவர் பின்னர் வெல்லங்களோடு சேர்த்துப் பார்த்தார். அது 1ஆம், 2ஆம் காபன்கள் இரண்டையும் பிடித்து, மஞ்சள் பளிங்கு ஒன்றைத் தரும். குளுக்கோசு, மனோசு, பிரக்டோசு மூன்றும் தந்தது ஒரே பளிங்கு. மாற்றம் வந்தது முதல் இரண்டு காபன்களில் மட்டும் என்பதால், மற்ற நான்கும் மூன்றிலும் ஒரே அமைப்பு என்று அவரால் சொல்ல முடிந்தது. அணுவைப் பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலம். ஆறு காபன் கொண்ட அல்டிகைட்டு வெல்லங்கள் 16 இருக்க முடியும். அவற்றில் குளுக்கோசு எது என்பதை 1891இல் தர்க்கத்தாலேயே நிறுவினார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். அந்தத் தர்க்கத்தைப் பிள்ளைகள் ஒருதரமாவது தாமே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சோறும் வைக்கோலும்

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற நெல் ஒரே குளுக்கோசைக் கொண்டு இரண்டு பொருள்களைச் செய்கிறது. மணிக்குள் மாப்பொருள், தாளில் செலுலோசு. இரண்டும் குளுக்கோசுகளின் நீண்ட கோவை. இரண்டிலும் ஒரு குளுக்கோசின் தலை அடுத்ததன் 4ஆவது காபனோடு இணைகிறது. முக்கிய வேறுபாடு, அந்தத் தலையின் இணைப்பு அல்பாப் பக்கமா, பீற்றாப் பக்கமா என்பது.

அல்பா இணைப்பில் கோவை சுருண்டு சுருண்டு போகும். நீரும் நொதியமும் உள்ளே நுழையலாம். சுருளுக்குள் அயடீன் புகுந்து நிற்பதால்தான் கஞ்சியில் அயடீன் விட்டால் கருநீலம் வருகிறது. பீற்றா இணைப்பில் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோசு தலைகீழாகத் திரும்பி, கோவை நேராக நீளும். நேரான கோவைகள் பக்கம் பக்கமாக அடுக்கி, ஐதரசன் பிணைப்புகளால் இறுகிவிடும். அதனால் வைக்கோல் தண்ணீரில் கரையாது, சோறு வெந்து குழைகிறது.

நம் உமிழ்நீரில் உள்ள அமிலேசு அல்பா இணைப்புக்குப் பொருந்தும் நொதியம். சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் மெல்ல இனிக்கத் தொடங்குவது, மாப்பொருள் உடைந்து மோல்டோசு வருவதால். செலுலோசின் பீற்றா இணைப்பை உடைக்கும் நொதியம் நமக்கு இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு காபனில் ஒரு பிணைப்பின் திசை, மனிதர் உணவையும் மாட்டுத் தீனியையும் இப்படிப் பிரிக்கிறது. உயிர் இரசாயனத்தில் எனக்கு இதைவிடப் பிடித்த உண்மை வேறில்லை.

கபில நிறம் எங்கிருந்து வருகிறது

சீனியை மட்டும் சட்டியில் போட்டுச் சூடாக்கினால் ஏறக்குறைய 160 பாகைக்கு மேல் உருகிக் கருகத் தொடங்கும். நீர் இழந்து, உடைந்து, மீண்டும் இணைந்து நூற்றுக்கணக்கான பொருள்கள் உண்டாகும். பாணின் மேற்றோலும் பால்ரொபியும் கபிலமாவதில் இன்னொரு தாக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே புரதமும் இருக்கிறது. புரதத்தின் அமினோக் கூட்டத்தில் உள்ள நைதரசனிடம் கொடுக்க ஓர் இலத்திரன் சோடி உண்டு. அது நேரே போய்க் கட்டற்ற தலையைத் தாக்கும். நீர் வெளியேறி, காபனும் நைதரசனும் இணையும்; பிறகு அணுக்கள் இடம் மாறி, தொடர்ந்து பல படிகள் சென்று மணமும் கபில நிறமும் தரும். பிரெஞ்சுக்காரர் லூயி கமில் மயாட் 1912இல் விவரித்த தாக்கம் இது. பால்ரொபியில் இதற்குத் தலை கொடுப்பது பாலின் லக்டோசு. சீனிக்குக் கட்டற்ற தலை இல்லாததால், உடைந்தால் ஒழிய அதற்கு இதில் பங்கில்லை.

இந்தத் தாக்கத்துக்கு அடுப்பு கட்டாயம் இல்லை. 37 பாகையிலும் நடக்கும், மெதுவாக. இரத்தத்தில் ஓடும் குளுக்கோசு, செங்குழியத்துக்குள் இருக்கும் ஈமோகுளோபின் புரதத்தின் அமினோக் கூட்டத்தோடு இதேபோல் இணைகிறது. நொதியம் எதுவும் தேவையில்லை. குளுக்கோசு கூடினால் இணைவதும் கூடும். செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழும். ஆகவே எத்தனை வீத ஈமோகுளோபினில் குளுக்கோசு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தத்தில் குளுக்கோசு எந்த அளவில் இருந்தது என்று தெரிந்துவிடும். கிளினிக்கில் எழுதித் தரும் எச்பிஏ1சி பரிசோதனை இதுதான். பரிசோதனைக்கு முதல் நாள் மட்டும் இனிப்பை விட்டு இந்த அளவைக் குறைக்க முடியாது.

"சீனி வருத்தக்காரர் சீனி போடக்கூடாது, பனங்கட்டி கடிக்கலாம்" என்று நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். பனங்கட்டியில் சில கனிப்பொருள்கள் இருக்கின்றன, சுவையும் தனி. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சுக்குரோசு. குடலில் பாலம் உடைந்ததும் வெளியே வருவது அதே குளுக்கோசும் அதே பிரக்டோசும். இரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்த குளுக்கோசில் பனைக்குரியது, கரும்புக்குரியது என்ற அடையாளம் இருக்காது. தேனில் குளுக்கோசு ஏற்கெனவே கட்டவிழ்ந்த நிலையிலேயே இருக்கிறது. தேத்தண்ணிக்கு ஒரு கடி பனங்கட்டி எடுத்தாலும் அதைச் சீனிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இரத்தச் சோகை உள்ளவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் எச்பிஏ1சி செய்யும்போது அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செங்குழியங்களின் வயது மாறியிருந்தால் ஒட்டியிருக்கும் குளுக்கோசின் அளவும் மாறும், பெறுமானம் உண்மை நிலையைக் காட்டாமல் போகலாம்.